மல்லி மலர்வதற்குள்: வீட்டில் ஒரு நாளை நிதானமாக நடத்தும் விதம்

என் மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். போன வாரம் போனில், "லீவு நாள்ல வீட்லயே இருந்தாலும் ஓய்வா இருந்த மாதிரி இல்லம்மா. நீ மட்டும் எப்படி இவ்வளவு நிதானமா இருக்க?" என்று கேட்டாள். போனில் சொல்லி முடிக்கிற விஷயமாக அது இல்லை. அதனால் எழுதுகிறேன். கொல்லையில் நாலு பூச்செடி வைத்திருக்கிற யாருக்கும் இது உதவும்.

நாங்கள் இருப்பது பாபநாசத்துக்குத் தெற்கே, திருக்கருகாவூர் பக்கம். 24 வருஷம் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைத்தேன். ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி என்று அளந்து போட்டு, மதிய மணி அடிப்பதற்குள் சோற்றை இறக்கியாக வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் கொஞ்ச நாள் அதே ஓட்டம்தான். காலை எட்டு மணிக்கெல்லாம் குழம்பும் பொரியலும் மூடி வைத்துவிடுவேன். அதன் பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் பொழுது அப்படியே கிடக்கும். ஓடி முடித்த களைப்பு மட்டும் மிஞ்சும்.

என் மாமியார் அப்படி இருந்ததில்லை. கடிகாரம் பார்க்காமலே வேலை செய்வார். "பூவுக்கு ஒரு நேரம் இருக்கு, விட்டா போச்சு. உலை எப்ப வச்சாலும் கொதிக்கும்" என்பார். அவர் காலமாகி ஒன்பது வருஷம் கழித்துத்தான் அந்தப் பேச்சு எனக்கு முழுசாகப் புரிந்தது. நாளைப் பூவின் நேரத்துக்கு அமைத்துக்கொண்டு, சமையலை அதன் இடைவெளிகளில் வைக்க வேண்டும். நான் சொல்லப்போவது இதுதான்.

எங்கள் பக்கத்துக் கோயில்களிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. பஞ்ச ஆரண்யத் தலங்கள் என்று ஐந்து கோயில்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வனம், ஒரு வேளை. திருக்கருகாவூர் முல்லைவனம், விடியற்காலை. அவளிவணல்லூர் பாதிரிவனம், காலை. அரித்துவாரமங்கலம் வன்னிவனம், உச்சிப்பொழுது. ஆலங்குடி பூளைவனம், மாலை. திருக்கொள்ளம்புதூர் வில்வவனம், அர்த்தசாமம். ஒரே நாளில் வரிசையாக ஐந்தையும் கும்பிட்டு வருகிறவர்கள் உண்டு. செடியையும் பொழுதையும் சேர்த்தே பார்க்கிற பழக்கம் இந்த மண்ணில் பழையது.

இங்கே நான் சொல்வது பங்குனி முடிந்து சித்திரை பிறக்கிற சமயத்து நாள். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடிவிடுவார்கள். அதனால் வெட்டாற்றில் இப்போது மணல்தான். வயலில் சம்பா அறுத்து, அந்த ஈரத்திலேயே விளைந்த உளுந்தும் பயறும் வீட்டுக்கு வந்திருக்கும். வேம்பு பூத்துக் கொட்டும், குண்டுமல்லி உச்சத்தில் இருக்கும். வீட்டில் சும்மா இருக்க இதைவிட நல்ல சமயம் கிடையாது.

முதல் நாள் இரவே மூன்று காரியம் செய்துவிடுங்கள். தயிருக்கு உறை ஊற்றுவது ஒன்று. மோர்க்குழம்புக்குப் புளித்த தயிர் வேண்டும் என்பதால் அது தனி, அதற்கு முந்தைய நாள் தயிரை எடுத்து வைக்க வேண்டும். அடுத்தது, வேப்பமரத்தடியைப் பெருக்கி ஒரு பழைய வெள்ளை வேட்டியை விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைப்பது. இரவுக் காற்றில் பூ தானாக உதிர்ந்து விழும், கிளையை உலுக்க வேண்டாம். மூன்றாவது, வாழைநார். தார் வெட்டிய மரத்தின் மட்டையை நிழலில் காயவைத்து உரித்தால் பட்டை பட்டையாக நார் வரும். அதில் நாலைந்தை எடுத்து வையுங்கள். அதைக் காலையில் நனைக்கக் கூடாது. பூக்கட்ட உட்காருவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு நனைத்தால் போதும், இல்லாவிட்டால் ஊறிப் பிசுபிசுக்கும்.

காலையில் ஐந்தரைக்கு எழுந்தால் சரியாக இருக்கும். காபிக்கு முன்னால் பூ. எனக்கு இதில் விட்டுக்கொடுக்க மனம் வராது. வெயில் ஏறுவதற்குள் மல்லி மொக்கைப் பறித்துவிட வேண்டும். நன்றாகப் பருத்து, பச்சை நிறம் போய் வெள்ளையாகி, ஆனால் வாய் திறக்காமல் இருப்பதுதான் இன்று மாலை மலரப்போகிற மொக்கு. நுனியில் பச்சை தெரிந்தால் அது நாளைக்கு, விட்டுவிடுங்கள். நேற்றைக்கு விட்டுப்போய் மலர்ந்துவிட்டதைச் சாமிப் படத்துக்குத் தனியாக எடுங்கள். காம்போடு கிள்ள வேண்டும், காம்பு இல்லாத மொக்கைக் கட்ட முடியாது. மொக்கில் ஊசி குத்தின மாதிரி ஓட்டை இருந்தால், அல்லது ஊதா நிறம் ஓடியிருந்தால், உள்ளே புழு இருக்கும். அதைச் செடியில் விடாமல் பறித்துத் தூர எறியுங்கள். தினம் பறிக்கிற வீட்டில் மருந்தடிக்காமலே இது பெரும்பாலும் அடங்கிவிடும்.

பறித்த மொக்கின் மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள். பலரும் செய்கிற தப்பு இது, நானும் செய்திருக்கிறேன். ஒரு முறை கல்யாண வீட்டுக்கென்று பறித்த மொக்கையெல்லாம் தண்ணீர் தெளித்து பாலிதீன் பையில் கட்டி வைத்தேன். மத்தியானம் திறந்தால் பாதிக்கு மேல் பழுப்பேறி வெந்தது போல இருந்தது. அன்று நான் அழுதேவிட்டேன். பருத்தித் துணியை நனைத்து இறுகப் பிழிந்து, அதன் மேல் ஒரு வாழை இலைத் துண்டைப் போட்டு, மொக்கை அந்த இலையில் பரப்பி மூடுங்கள். தண்ணீர்ப் பானைக்கு அடியில் மணல் கொட்டி வைத்திருப்போமே, அந்த ஈர மணல் பக்கத்தில் வைத்தால் மாலைவரை கல் மாதிரி இருக்கும்.

கனகாம்பரம் தினம் பறிக்கிற பூ இல்லை. கதிரில் அது முழுசாக விரிய இரண்டு நாள் ஆகும், ஒருநாள் விட்டு ஒருநாள் பறியுங்கள். மணம் இல்லை என்று அதை ஒதுக்குவார்கள். நிறத்துக்கும் வாடாமல் இருப்பதற்கும் அதற்கு இணை எனக்குத் தெரிந்து கிடையாது. அப்புறம் நந்தியாவட்டையும் செம்பருத்தியும் விளக்கு மாடத்துக்கு. மருக்கொழுந்து நாலு கிள்ளு. கடைசியாக வேப்பமரத்தடி வேட்டியை நாலு மூலையும் சேர்த்துத் தூக்கி வந்து திண்ணையில் வையுங்கள்.

இப்போது காபி குடிக்கலாம். வீட்டுக்காரர் அதற்குள் டிகாக்‌ஷன் இறக்கி வைத்திருப்பார். அதை அவசரமில்லாமல் குடியுங்கள். காலைக்குப் பழைய சோறும் மோரும் சின்ன வெங்காயமும் எங்களுக்குப் போதும்.

அரிசி களைந்த கழுநீரைக் கொட்டாமல் மல்லிக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுங்கள். கோடையில் மல்லிக்கு வேர் காயவிடக் கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது. ஒரு கைப்பிடி கடலைப் பிண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, அதைப் பத்து மடங்கு தண்ணீரில் கரைத்து மாதம் இரண்டு தரம் விட்டால் மொக்கு பெருக்கும். கவாத்து பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், எல்லாரும் கேட்பது அதைத்தான். குண்டுமல்லியை நவம்பர் கடைசியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டுங்கள். ஜாதிமல்லியை டிசம்பர் கடைசியில். முல்லையை ஜனவரி கடைசியில், இடுப்பளவு விட்டு. புதுக் கிளையில்தான் மொக்கு வரும், அதனால் பயப்படாமல் வெட்டலாம். காலம் மட்டும் தவறக் கூடாது. ஒரு வருஷம் பேறுகாலத்துக்கு மகளோடு இருந்துவிட்டு வந்து பங்குனியில் வெட்டினேன். அந்தக் கோடை முழுக்க இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எட்டு மணிக்கு அரை ஆழாக்கு துவரம்பருப்பு, கால் ஆழாக்கு கடலைப்பருப்பு, நாலு காய்ந்த மிளகாய் மூன்றையும் ஒன்றாக ஊறப்போடுங்கள். இன்றைய சமையல் வாழைப்பூ பருப்பு உசிலி, வெண்டைக்காய் மோர்க்குழம்பு, வேப்பம்பூ ரசம். உசிலிக்கு மோர்க்குழம்பு ஜோடி. வேறு குழம்பு வைத்தாலும் சாப்பிடலாம்தான், ஆனால் உசிலியின் உலர்ந்த தன்மைக்கு மோரின் புளிப்பு சேரும்போது வருகிற ருசி வேறு எதிலும் இல்லை.

வாழைப்பூ எங்கள் கொல்லைப் பூவன் மரத்தில் வருவது. தாரில் கடைசிச் சீப்பு வெளிவந்த பிறகு, அதற்கு ஒரு சாண் கீழே பூவை ஒடித்துவிடலாம். ஒடித்தால் காய் நன்றாகத் திரளும், நமக்கும் கறியாகும். வெட்டும்போது பால் சொட்டும், துணியில் பட்டால் கறை போகவே போகாது. பழைய புடவையோடு போங்கள்.

பூ ஆய்வதுதான் இந்த நாளின் நல்ல பகுதி. திண்ணையில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. அடுப்படியில் நின்றுகொண்டு செய்தால் எரிச்சல்தான் வரும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் நீர்மோர். மடலை ஒவ்வொன்றாக உரித்தால் உள்ளே சீப்பு மாதிரி வரிசையாகப் பூ இருக்கும். ஒரு வரிசையை அப்படியே எடுத்து நுனியை உள்ளங்கையில் தேய்த்தால் பூக்கள் விரியும். ஒவ்வொன்றின் நடுவிலும் தலையில் குண்டூசி போல மொட்டு வைத்த ஒரு நரம்பு நிற்கும். அதற்குக் கள்ளன் என்று பெயர். அதையும், அடியில் கண்ணாடித் தாள் மாதிரி இருக்கிற சின்ன மடலையும் கிள்ளி எடுத்துவிட வேண்டும். கள்ளன் எத்தனை வேகவைத்தாலும் வேகாது, வாயில் நாராக நிற்கும். உள்ளே போகப்போகப் பூ வெள்ளையாகிச் சிறுத்துவிடும், அப்போது கள்ளன் எடுக்க வேண்டியதில்லை. கடைசியில் மிஞ்சுகிற குருத்தைப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள் வாயில் போடுங்கள். லேசான துவர்ப்போடு இனிக்கும். என் மகள் சின்ன வயதில் அந்தக் குருத்துக்காகவே என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். பெரிய மடல்களைத் தூக்கிப் போடாதீர்கள், மத்தியானம் ஊறுகாயும் உப்பும் வைக்க அழகான கிண்ணம் அது.

ஆய்ந்த பூவைப் பொடியாக நறுக்கி உடனே நீர்மோரில் போடுங்கள், கறுக்காது. ஊறிய பருப்பை வடித்து, உப்பும் பெருங்காயமும் சேர்த்துத் தண்ணீர் விடாமல் கொரகொரவென்று அரைத்து, இட்லித் தட்டில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் வேகவையுங்கள். ஆறின பிறகு கையால் உதிர்க்க வேண்டும். சூட்டில் உதிர்த்தால் உருண்டை உருண்டையாக நிற்கும். நறுக்கிய பூவை மோரிலிருந்து பிழிந்தெடுத்து, மஞ்சள்தூள், உப்பு, கொஞ்சம் புளித்தண்ணீர் விட்டு வேகவைத்து வடித்துப் பிழியுங்கள். வாணலியில் நல்லெண்ணெய் தாராளமாகவே விட்டு, கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்து, முதலில் பருப்பைப் போட்டுச் சிறு தீயில் பொலபொலவென்று ஆகும்வரை கிளறி, அப்புறம் பூவைச் சேர்த்து ஐந்து நிமிஷம். எண்ணெயைக் குறைத்தால் தொண்டையில் அடைக்கும், இந்த ஒரு பதார்த்தத்துக்கு மட்டும் குறைக்காதீர்கள். ஒரு பூ நாலு பேருக்கு வரும். எங்கள் இருவருக்குப் போக மீதி பக்கத்து வீட்டு அக்காவுக்கு.

மோர்க்குழம்புக்கு ஒரு ஸ்பூன் துவரம்பருப்பு, அரை ஸ்பூன் பச்சரிசி, ஒரு ஸ்பூன் தனியா, அரை ஸ்பூன் சீரகம் ஊறவைத்து, மூன்று பச்சைமிளகாய், ஒரு கைப்பிடி தேங்காயோடு நைசாக அரையுங்கள். புளித்த தயிரைக் கடைந்து மஞ்சள்தூளும் உப்பும் போட்டு அதில் இதைக் கலக்குங்கள். வெண்டைக்காயைத் தனியாக எண்ணெயில் வதக்கிச் சேர்த்து, சிறு தீயில் வைத்து, ஓரம் நுரைத்து மேலே பொங்கி வந்ததும் இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதித்தால் திரிந்துவிடும். அந்த இரண்டு நிமிஷம் அடுப்பை விட்டு நகராதீர்கள். தேங்காயெண்ணெயில் கடுகு, வெந்தயம், காய்ந்த மிளகாய் தாளித்துக் கொட்டுங்கள்.

இப்போது வேட்டியில் கிடக்கிற வேப்பம்பூ. காம்பும் இலைத்தூளும் போகச் சலித்தெடுத்து, இன்றைக்கு வேண்டியதுபோக மற்றதை முறத்தில் பரப்பி மூன்று நான்கு நாள் வெயிலில் காயவைத்தால் ஒரு வருஷத்துக்கு வரும். எலுமிச்சை அளவில் பாதிப் புளியைக் கரைத்து உப்பு, பெருங்காயம், இரண்டு கிள்ளிய மிளகாய் போட்டுக் கொதிக்கவிட்டு, பச்சை வாசனை போனதும் தண்ணீர் சேர்த்து விளாவி நுரை கூடினதும் இறக்குங்கள். பூவை நெய்யில் தனியாகக் கரும்பழுப்பு நிறம் வரும்வரை வறுத்து, இறக்கின ரசத்தின் மேல் போட்டு மூடுங்கள். போட்ட பிறகு கொதிக்கவிட்டால் கசப்பு முழுவதும் ரசத்தில் இறங்கிவிடும். பூவைக் கடிக்கும்போது மட்டும் கசக்க வேண்டும். சித்திரை முதல் நாள் பச்சடிக்கும் இந்தப் பூதான்.

சாப்பிட்டு முடிக்க ஒரு மணி ஆகிவிடும். அப்புறம் கொழுந்து வெற்றிலை, கொஞ்சம் பேச்சு, கூடத்துத் தரையில் பாய். போன் அலமாரிக்குள் போய்விட வேண்டும். இந்த இரண்டு மணி நேரத்தில் எந்தப் பூவும் மலராது, எதுவும் கெட்டுப்போகாது. தூக்கம் வந்தால் தூங்கலாம்.

மூன்றரைக்கு எழுந்து நாரை நனையுங்கள். நகத்தால் நூல் அளவுக்குக் கிழித்துக்கொள்ளுங்கள். நாலு மணிக்குக் கட்ட உட்கார்ந்தால் மொக்காகவே கட்டி முடிக்கலாம். பிந்தினால் பூ விரியத் தொடங்கிவிடும், விரல் பட்டு இதழ் நசுங்கும்.

கட்டும் விதம் இதுதான். நாரின் நுனியை இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடியுங்கள். இரண்டு மொக்கை ஒரு பக்கமாக வைத்து, எதிர்ப்பக்கமாக இன்னும் இரண்டு வையுங்கள். நாலு காம்பும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று சேர வேண்டும். சேர்ந்த இடத்தில் நாரை ஒரு சுற்று சுற்றுங்கள். பிறகு வலது கை விரலில் நாரை முறுக்கினால் ஒரு வளையம் விழும். அந்த வளையத்தைக் காம்புகளின் மேல் மாட்டி இழுங்கள். அடுத்த நாலு மொக்கை அதை ஒட்டியே வைக்க வேண்டும், நார் வெளியே தெரியக் கூடாது. இழுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இறுக்கினால் காம்பு அறுந்து பூ கொட்டும், தளர்த்தினால் சரம் சுழலும். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு ஒரு முழம் கட்ட ஒரு மணி நேரம் ஆகும். மாமியார் திட்டியதே இல்லை. நான் கட்டியதை அப்படியே வாங்கித் தன் தலையில் வைத்துக்கொள்வார். வழியெல்லாம் பூ உதிரும், அவர் திரும்பிப் பார்க்க மாட்டார்.

கனகாம்பரம் இருக்கிற நாளில் கதம்பமாகக் கட்டலாம். தஞ்சாவூர்க் கதம்பம் என்று பேர் பெற்றது இதுதான். மல்லி இரண்டு கட்டு, கனகாம்பரம் ஒரு கட்டு, மருக்கொழுந்து ஒரு கட்டு என்று மாற்றி மாற்றி வாருங்கள். மருக்கொழுந்தின் வாசம் மேலோங்கும், அதனால் அதைக் கொஞ்சமாகவே வையுங்கள்.

ஆறு மணிக்கு விளக்கு. காலையில் பச்சைப்பயறு ஊறப்போட்டிருந்தால் இப்போது குழையாமல் வேகவைத்து, மாங்காயைப் பொடியாக நறுக்கிப் போட்டு, தேங்காய் துருவிச் சுண்டலாகக் கிளறிவிடுங்கள். ராத்திரிக்கு மத்தியானத்து ரசமும் சோறும் போதும், இன்னொரு தரம் அடுப்பு மூட்ட வேண்டாம். கொல்லைக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் திண்ணையில் உட்காருங்கள். இருட்டு இறங்க இறங்கத் தட்டில் இருக்கிற சரம் ஒவ்வொரு மொக்காக வாய் திறக்கும், வாசம் கூடம் வரைக்கும் வரும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு முழம், அவர் பேத்திக்கு ஒரு சாண் கொடுத்துவிட்டு மீதி எனக்கு.

தலையில் வைத்துக்கொண்டது போக மீந்த சரத்தை வாழை இலையில் சுற்றி, மூடிபோட்ட டப்பாவில் வைத்தால் மறுநாள் காலைச் சாமிக்கு ஆகும். வாடின சரத்தைக் குப்பையில் போடாமல் செடி அடியில் போடுங்கள். நாரில் கட்டியது என்றால் அப்படியே போடலாம், அதுவும் மக்கிவிடும். நூலில் கட்டியிருந்தால் நூலை உருவி எடுத்துவிட்டுப் பூவை மட்டும் போடுங்கள்.